ஐரோப்பிய மொழிகளில் இஞ்சியின் பெயர்: ஒலியொப்புமையும் வரலாறும்

ஃபின்லாந்து மொழியில் இஞ்சியின் பெயர் 'இங்கிவேரி'. ஸ்வீடிய மொழியில் அது 'இங்கெஃபேரா', ஜெர்மானியத்தில் 'இங்வெர்'. இவற்றைக் கேட்கும் தமிழர் எவருக்கும் 'இஞ்சி வேர்' என்ற தொடர் நினைவுக்கு வரும். தமிழ்ச்சொல் கடல்வழியே நேராக ஐரோப்பாவை அடைந்தது என்பதற்கு இவ்வொப்புமையே சான்றாகும் என்று கொள்வது எளிது. அச்சொல்லின் தொலைமூலம் திராவிடம் என்பது பெரும்பாலான அறிஞர் ஏற்கும் கருத்தே. ஆயினும் அதனை நிறுவுவதற்கு ஜெர்மானியத்தையோ ஃபின்னியத்தையோ துணைக்கழைப்பது பிழையாகும். இவ்வடிவங்கள் தமிழோடு ஒத்திருப்பது தற்செயலே.

ஃபின்னிய வடிவமும் ஸ்வீடிய வடிவமும் வடஜெர்மானிய வணிகரின் வழக்கிலிருந்து சென்றவை. ஜெர்மானியத்தின் பழைய வடிவங்களிலோ 'கிங்கெபெர்' என்பது போன்ற, முதலில் மெய்யொலி உடைய சொல்லே காணப்படுகிறது. அம்மெய் பிற்காலத்தில் அம்மொழிக்குள்ளேயே தேய்ந்து மறைந்தது. ருஷ்யத்திலும் போலிஷிலும் வழங்கும் 'இம்பிர்' என்பதற்கும் முதல்மெய் இல்லை. ஆனால் டச்சு 'கெம்பர்', ஆங்கில 'ஜிஞ்சர்', ஸ்பானிய 'ஹென்ஹிப்ரே', இத்தாலிய 'ட்ஸென்ட்ஸெரோ', ஹங்கேரிய 'ஜ்யொம்பேர்' ஆகியவை அம்மெய்யைக் காத்து நிற்கின்றன. இவையனைத்தும் பிற்கால இலத்தீனின் 'கிங்கிபெர்', அதற்கு முந்திய 'ஸிங்கிபெரி', கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்' என்னும் ஒரே கொடிவழியில் வந்தவை. ஆகவே ஐரோப்பியச் சான்று என்று கொள்ளத்தக்கது கிரேக்க வடிவம் ஒன்றே. ஏனையவை அதன் வழித்தோன்றல்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துநூல் எழுதிய தியோஸ்கோரிதீஸ், 'இயற்கை வரலாறு' எழுதிய பிளினி ஆகிய இருவரும் இஞ்சியைக் குறிப்பிடுகின்றனர். அது மிளகுமரத்தின் வேர் என்று சிலர் எண்ணியதைப் பிளினி மறுக்கிறார். ஆயினும் அது விளையும் இடமாக அவர் சொல்வது அரேபியாவையும் செங்கடலை ஒட்டிய திரோகோடித்திகே நாட்டையுமே. ஒரு இராத்தல் இஞ்சியின் விலை 6 தெனாரியஸ் என்றும், கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பிலி 15 என்றும் அவர் தருகிறார். மிளகு இந்தியப் பொருள் என்று நன்கறிந்தவர் இஞ்சியின் பிறப்பிடத்தை மட்டும் இடைவழியில் வைத்தது சிந்திக்கத்தக்கது. அச்சரக்கு பல கைகள் மாறி உரோமரை அடைந்தது என்பதையே இது காட்டுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அலெக்சாந்திரியாவின் சுங்கப் பட்டியலிலும் இஞ்சி இடம்பெற்றுள்ளது.

சொல்லும் பல வாய்கள் மாறியே சென்றது. கிரேக்க வடிவத்தோடு நெருங்கிய உறவுடையது பாலி மொழியின் 'ஸிங்கிவேர' என்பதாகும். விநயபிடகத்தின் மகாவக்கத்தில், துறவியர்க்கு விலக்கப்படாத வேர்மருந்துகளின் வரிசையில் மஞ்சளை அடுத்து இஞ்சி இப்பெயரால் சுட்டப்படுகிறது. சமஸ்கிருதத்தில் இது 'ச்ருங்கவேர' என வழங்கும். ச்ருங்கம் என்றால் கொம்பு. வேரம் என்பதற்கு உடல் என்று நிகண்டுகள் பொருள் கூறும். கொம்பு போன்ற உடலை உடையது என்ற இவ்விளக்கம் ஐரோப்பிய அகராதிகள் பலவற்றிலும் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. இஞ்சிக்கிழங்கின் கிளைத்த தோற்றம் மான்கொம்பை நினைவூட்டுவதால் இவ்விளக்கம் இனிதாகவே உள்ளது. எனினும் உடல் என்ற பொருளில் 'வேரம்' நிகண்டுகளுக்கு வெளியே அரிதினும் அரிது. புரியாத அயற்சொல்லைப் புரிந்த சொற்களாக உடைத்துக் காட்டும் மக்கள் வழக்கே இங்குத் தொழிற்பட்டுள்ளது.

ஆங்கிலத்திலும் இதே போக்கு உண்டு. பழைய பிரெஞ்சில் பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த 'ஜென்ஜம்ப்ராஸ்' என்ற சொல்லின் ஈற்றசையை, ஆங்கிலேயர் தம் மொழியின் ரொட்டி எனப் பொருள்படும் 'பிரெட்' ஆகக் கேட்டனர். 'ஜிஞ்சர்பிரெட்' என்ற பெயர் பிறந்தது. பின்னர் அப்பெயருக்கு ஏற்ற பண்டமும் அமைந்தது. சமஸ்கிருதம் கொம்பைக் கண்ட இடத்தில் ஆங்கிலம் ரொட்டியைக் கண்டது எனலாம்.

இனித் தமிழ்ச்சான்றை நோக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் 'இஞ்சி' என்பதே வடிவம். மலைபடுகடாம் மலைநிலத்து விளைபொருள்களுள் ஒன்றாக இதனைக் கூறுகிறது (மதிலைக் குறிக்கும் 'இஞ்சி' வேறு சொல்). பாலி வடிவத்தின் முதலில் உள்ள ஸகரம் இதில் இல்லை. தென்திராவிட மொழிகளில் சொன்முதற் சகரம் கெடுதலைத் தாமஸ் பர்ரோ 1947இல் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் 'ஆறு' என்னும் எண்ணுப்பெயர் கோண்டியில் 'சாரூங்' என நிற்கிறது. தமிழுக்குள்ளேயே 'இப்பி', 'சிப்பி' என்னும் இரட்டை வடிவங்கள் உள்ளன. இவ்விதியின்படி 'இஞ்சி' என்பதன் முன்னை வடிவம் 'சிங்கி' என்பதை ஒத்ததாக இருந்திருத்தல் வேண்டும்; இகரத்தை அடுத்த ககரம் பின்னர்ச் சகரமாயிற்று. அதனோடு 'வேர்' சேர்ந்த தொகைச்சொல்லையே மத்திய இந்தோ-ஆரிய மொழிகள் கடன்கொண்டன. அப்போது கொம்பையும் உடலையும் தேட வேண்டியதில்லை. பௌத்த நூல் இதனை வேர்மருந்துகளுள் வைத்ததும் பொருத்தமாகிவிடுகிறது. இச்சொல்லுக்கென்றே 1952இல் ஆலன் ராஸ் ஒரு தனிநூல் எழுதினார்.

இங்குக் கவனிக்க வேண்டிய விளைவு ஒன்றுண்டு. பிளினியின் காலமும் சங்ககாலமும் பெரிதும் ஒத்தவை. முசிறியில் நங்கூரமிட்ட கிரேக்க மாலுமி தமிழர் வாயிலிருந்து இப்பெயரைக் கேட்டிருந்தால், அவன் கேட்டது உயிர்முதலாகவும் இடையில் 'ஞ்ச' உடையதாகவும் இருந்திருக்கும். கிரேக்க வடிவமோ முதலில் 'ஸ'கரச் சாயலையும் இடையில் ககரத்தையும் கொண்டுள்ளது. ஆகவே அது பிராகிருத வழியே சென்றது என்பதே பொருந்தும். அரபியின் 'ஸஞ்சபீல்' என்பதும் பாரசீகத்தின் ஊடாக இவ்வழியினின்றே பிரிந்தது. குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் அச்சொல் உள்ளது.

நேரடிக் கடல்வணிகத்திற்கு ஒரு சான்று இதனால் குறைகிறது என்று வருந்துவோர் இருக்கலாம். உண்மையில் கிடைப்பது அதனினும் அரியது. சங்கத் தமிழ் இழந்துவிட்ட ஓர் ஒலிநிலையை, தமிழெழுத்தில் எங்கும் பதிவாகாத ஒரு முன்னை வடிவத்தை, பாலியும் கிரேக்கமும் காத்துத் தந்துள்ளன. 'இங்வெர்' என்பதில் தமிழைக் கேட்பவர் இதனைத் தவறவிடுவர். தமிழில் ஒருமுறையும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஜெர்மானியத்தில் மறுமுறையும் முதல்மெய் தனித்தனியே கெட்டது. அவ்விரண்டாவது கேட்டினாலேயே இரு சொற்களும் மீண்டும் ஒருபோல் ஒலிக்கின்றன.

'வேர்' திராவிடச் சொல் என்பதில் ஐயமில்லை. 'சிங்கி' என்னும் முற்பகுதி குறித்து அவ்வாறு உறுதி கூறுவது கடினம். இஞ்சி இன்று எங்கும் தானாக விளையும் காட்டுப்பயிராகக் காணப்படுவதில்லை. அது முதலில் தென்கிழக்காசியாவில் பயிராக்கப்பட்டது என்பதே தாவரவியலார் பலரின் கருத்து. தாய்லாந்து மொழியில் அதன் பெயர் 'கிங்', சீனத்தில் 'ஜியாங்', வியட்நாமிய மொழியிலும் ககரமுதலாய் மெல்லின ஈற்றதான பெயரே வழங்குகிறது. கிழங்கு கிழக்கிலிருந்து வந்தபோது பெயரும் உடன் வந்து, இங்கு 'வேர்' என்ற விளக்கத்தைப் பெற்று மேற்கே சென்றிருக்கலாம். இதனை முடிவுசெய்யத் திராவிட ஒப்பிலக்கணம் மட்டும் போதாது. ஆஸ்திரோ-ஆசிய மொழிகளின் சொல்வரலாற்றையும் அதனோடு வைத்து ஆராய்தல் வேண்டும்.