திண்ணைப் பள்ளியும் வீட்டுப் படிப்பும்

ஒரு சமூகத்தார் கல்வியை எவ்வளவு மதிக்கின்றனர் என்பதை அவர்தம் சொல்லால் அறிதல் அரிது. தம் மக்கட்குக் கற்பிப்பாரை எங்ஙனம் நடத்துகின்றனர் என்பதனாலேயே அறிதல் கூடும். நம்மவர் விஜயதசமியன்று தாம்பூலத் தட்டில் தட்சிணை வைத்து ஆசிரியரை வணங்குகின்றனர். மற்றை நாட்களில் “வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை” என்னும் பழமொழியையும் கூசாது வழங்குகின்றனர். இவ்விரு நிலையும் ஒருங்கே வந்த காரணம் யாதென்பதைச் சரித்திரங்கொண்டு ஆராய்வாம்.

சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ துரை, 1822-ஆம் ஆண்டில், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். நம் திருவள்ளூர், பொன்னேரிப் பகுதிகள் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்தன. கிடைத்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சு 10-ல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 கல்விச்சாலைகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவருட் பெண்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் திண்ணையில் இடமே இல்லை. ஆதலின் அக்காலத்தை முற்றும் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது.

அக்கணக்கில் நாம் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சென்னை நகரில் மாத்திரம் ஏறத்தாழ 27,000 பிள்ளைகள் தத்தம் வீட்டிலேயே கல்வி பயின்றனர் என்றும், அத்தொகை பள்ளி சென்றாரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் கூறப்பட்டது. இத்தொகையிற் பிழையிருக்கலாமென மன்றோவே ஐயுற்றார். எனினும், இன்று டியூஷன் என வழங்கும் வீட்டுப் படிப்பு நேற்று முளைத்ததன்று என்பது இதனால் தெளிவாம்.

ஆசிரியர் வருவாய் யாது? மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் மன்றோ எழுதினார். தாசில்தார் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் ஒன்பது ரூபாய் அளிக்கலாமென்றார். அதுவும் சிறிதெனத் தோன்றுமாதலால், மாணாக்கரிடமிருந்து அவ்வளவு பொருள் மேலும் கிடைக்குமென்றும், அங்ஙனமாயின் ஸ்காட்லாந்து தேசத்துக் கிராம உபாத்தியாயரினும் இவர் நிலை மேலாகுமென்றும் காரணங் காட்டினார். அரசாங்கத்தாரே பிள்ளைகள் கையை எதிர்பார்த்துச் சம்பளம் வகுத்தமை காண்க. கொடுப்பவன் கை மேலாகவும் வாங்குபவன் கை கீழாகவும் நின்றால், மதிப்பு எங்ஙனம் நிலைக்கும்?

பிறிதொரு சான்றுங் கூறுவாம். 1789 முதல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் சாலையை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியிற் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டு அதனைக் கைக்கொண்டார். மூத்த மாணாக்கரைக்கொண்டு இளையார்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் வளர்த்து, 1797-ல் இலண்டனில் நூல் வெளியிட்டார். “மதராஸ் முறை” எனும் பெயரோடு அஃது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அத்திண்ணை ஆசிரியரையோ இன்று பெயர் சொல்லி அறிவாரில்லை.

இனி நம் காலத்தைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி மாறி உழைக்கும் பெற்றோர்க்கு மாலையிற் பிள்ளையருகே அமர்ந்து பாடங்கேட்க நேரமேது? அவர் டியூஷனை நாடுதல் இயல்பே. ஆயின் 2010-ல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளி ஆசிரியர் தனிப்பாடம் நடத்தலாகாதென விலக்குகின்றது. வகுப்பிற் சொல்லவேண்டியதை மாலையில் விலைக்குச் சொல்லும் ஆசிரியர் தம் மதிப்பைத் தாமே விற்றவராவர். ஆசிரியத் தொழிலினராகிய யாமே இதனைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். தனியார் பள்ளியிற் குறைந்த ஊதியத்துக்கு ஆசிரியரை வருத்திவிட்டு, அவர் டியூஷன் எடுக்கின்றாரெனத் தூற்றுவோரும் அக்குற்றத்திற் பங்குடையரே.

நம் மாவட்டத்துத் திருத்தணியில் 1888-ல் தோன்றிய டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்தநாள் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஒருநாள் மாலை சூட்டல் மட்டும் போதாது. நம் சங்கக் கட்டடங்கள் மாலை வேளையிற் பூட்டிக் கிடத்தல் வேண்டா. படித்து வேலையற்றிருக்கும் நம் இளைஞரை அமர்த்தி, எக்குலத்துப் பிள்ளையாயினும் இலவசமாய்ப் பயில, அங்கு மாலைப் பாடசாலை நடத்துக. அவர்க்குரிய ஊதியத்தைச் சங்க நிதியினின்றே அளிக்க. பிள்ளையின் கையைப் பாராத ஆசிரியரே தலைநிமிர்ந்து கற்பிப்பர். அன்பர்கள் ஆவன செய்வார்களாக.