பிள்ளைபிடிகாரன் வந்த வழி: மதுரை வட்டாரத்தில் காணாமற்போன குழந்தைகளும் கட்டிவிட்ட கதைகளும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு குழந்தையைக் காணோம் என்றால், தேடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் காரணம் கிளம்பிவிடும். பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும், ஆட்டுக்குப் பின்னால் போயிருக்கும் என்ற நினைப்பு கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதன்பின் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதே பேச்சு. அந்த யாரோ காலத்துக்குக் காலம் வேடம் மாறியிருக்கிறார்: கோணிப்பைச் சாமியார், பாலத்துக்குக் காவு கொடுக்கும் காண்ட்ராக்டர், சிறுநீரகம் எடுக்கும் கும்பல், இந்தி பேசும் வடநாட்டு ஆள். வாய்ப்பேச்சு, நாளிதழ், தொலைக்காட்சி, கைப்பேசி என்று செய்தி பரவும் வழி மாறியதற்கேற்ப இந்த வேடமும் மாறியது. புதியது வந்ததால் பழையது ஒழிந்துவிடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாமே இன்றும் இருக்கின்றன.

தொலைந்ததைத் தேட இந்த வட்டாரத்தில் முறையான ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆனால் அது மாட்டுக்கு. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர் துப்புக்கூலி வழக்கத்தை விவரிக்கிறது. மாடு களவு போனால் துப்புச் சொல்ல ஓர் இடையாள் வருவார். மாட்டின் மதிப்பில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்து, போலீசுக்குப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். பிள்ளைக்கு அப்படி இடையாள் கிடையாது. ஊரில் தமுக்கடித்துச் சாட்டுவார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அதன் கொக்கிகளில் துணி ஏதும் மாட்டுகிறதா என்று துழாவுவார்கள். கண்மாயில் ஆட்கள் வரிசையாக இறங்கிக் காலால் தடவிப் பார்ப்பார்கள். கைப்பிடிச் சுவரில்லாத கமலைக் கிணறுகள் நிறைந்த பூமியில் இதுதான் சரியான தேடல். இது ஒருபக்கம் நடக்க, மறுபக்கம் கோடாங்கியிடம் குறி கேட்பதும், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பதும், பாண்டிகோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் நடக்கும். யார்மீதாவது சந்தேகம் விழுந்தால், அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் கதவுக்கு முன்னால் வந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். தேர்ந்த கோடாங்கி திசையைத்தான் சொல்வார். ஆள் பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டார். பின்னாளில் வந்த செய்தி வாசிப்பவர்களிடம் இந்த எச்சரிக்கை எப்போதும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆள் பெயரைச் சொல்லும் வேலையை ஊர்ப்பேச்சு செய்தது. அணை, பாலம், கண்மாய் மடை போன்ற பெரிய கட்டுமானம் நிற்க வேண்டுமானால் அடியில் ஓர் உயிரைக் காவு கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உண்டு. உலகின் பல பகுதிகளிலும் உண்டு. வேலை தொடங்கியதும் பிள்ளைகளைத் தெருவில் விடாதே என்பார்கள். காவுக்குப் பிள்ளை பிடிப்பவராக எண்ணப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்ல. குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர், பிச்சைக்காரர், மனநிலை பிறழ்ந்து நடந்தே திரிகிறவர் என்று, ஊருக்குள் வந்து போகிற, கேட்பதற்கு நாதியில்லாத ஆட்களே அதில் அகப்பட்டார்கள். சோறு ஊட்டும்போது சொல்லும் பூச்சாண்டிக் கதை பெரியவர்களின் மனத்திலும் தங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

சந்தேகத்தைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கத்தை அரசே கற்றுக்கொடுத்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1914இல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடியின் கள்ளர்கள்மீது பாய்ந்தது. பிறகு பிரமலைக் கள்ளர் முழுவதற்கும் நீண்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குற்றம் நடந்தபின் ஆளைத் தேடுவதற்குப் பதிலாக ஆளை முதலில் குறித்துவைத்துக்கொள்ளும் இந்த முறை 1947இல் சென்னை மாகாணச் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

நாளிதழ் இந்தக் கதைக்குள் நுழைந்ததும் மதுரையில்தான். சி. பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியை இங்கே தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழ், கொட்டை எழுத்துத் தலைப்பு, போலீஸ் செய்தி என்று அந்த இதழ் போட்ட பாதையில் மற்றவையும் நடந்தன. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். தமிழில் நாளிதழ் வாசிப்பு கிராமத்துக்குள் போனது இப்படித்தான். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் காணாமல்போன பிள்ளையின் செய்தி இந்த நடையில் ஒரு தொடர்கதையானது. முதல் நாள் மாயம், இரண்டாம் நாள் மர்மம், மூன்றாம் நாள் திடுக்கிடும் திருப்பம். மாலை இதழ்களின் தலைப்புச் சுவரொட்டி பெட்டிக்கடைத் தட்டியில் தொங்கும். உள்ளே இருக்கிற செய்திக்கும் வெளியே தொங்குகிற தலைப்புக்கும் இடையில் ஒரு கேள்விக்குறி இருக்கும்; அந்தக் கேள்விக்குறியை யாரும் உரக்கப் படிப்பதில்லை. தாயின் நடத்தை, தந்தையின் கடன், பங்காளிச் சண்டை எல்லாம் விசாரணை அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்தன. நகரத்து வீட்டுக்குக் கதவு உண்டு. கிராமத்து வீட்டுத் திண்ணை செய்தியாளருக்கும் திறந்தே கிடந்தது.

கதைகளுக்கு வெளியே பிள்ளைகள் உண்மையில் எப்படிக் காணாமல் போனார்கள் என்பது வேறு. உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்தும் தேனி மாவட்டத்திலிருந்தும் சிறுவர்கள் வடமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொண்டுபோனவர் கோணிப்பைக்காரர் அல்ல. சொந்த ஊர்க்காரர் அல்லது உறவினர். பெற்றோர் கையில் முன்பணம் கொடுத்து, வேளைக்குச் சோறு கிடைக்கும் என்று சொல்லி, பகல் வெளிச்சத்தில் பஸ் ஏற்றினார். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் விடியுமுன் தொடங்கும் வேலையிலிருந்து தப்பி வந்தவர்களும் மீட்கப்பட்டவர்களும் சொன்ன பிறகுதான் விவரம் வெளியே வந்தது. இதற்குத் தமுக்கும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. 2021 ஜூன் மாதம் மதுரை ரிசர்வ் லைனில் இயங்கிய ஒரு காப்பகத்தில் ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்து தத்தனேரியில் புதைக்கப்பட்டதாகக் காகிதம் காட்டப்பட்டது. விசாரித்ததில் அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது, விற்கப்பட்டிருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் அதே வழக்கில் மீட்கப்பட்டது. பிள்ளை பிடிப்பவர் இங்கே முத்திரையும் கையெழுத்துமாக வந்தார். அவரைப் பார்த்து எந்தத் தெருவும் கல்லெறியவில்லை.

பலிக்கதையும் ஓயவில்லை. மேலூர்ப் பகுதி கிரானைட் முறைகேடுகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையர் உ. சகாயம், 2015 செப்டம்பரில் இ. மலம்பட்டி அருகே ஒரு மயானத்தைத் தோண்டச் சொன்னார். மனநிலை பாதித்தவர்களைப் பிடித்துவந்து நரபலி கொடுத்ததாக ஒரு முன்னாள் ஓட்டுநர் கொடுத்த புகார் அதற்குக் காரணம். தோண்டுவது தள்ளிப்போனதால் தடயம் கலைந்துவிடக் கூடாதென்று அவர் அன்றிரவு அங்கேயே கட்டில் போட்டுப் படுத்தார். மறுநாள் எலும்புகள் கிடைத்தன. ஆய்வகம் வாய் திறப்பதற்கு முன் தொலைக்காட்சிகள் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தன.

கைப்பேசி வந்தபின் பேச்சுக்கு ஊர் எல்லை இல்லாமல் போனது. 2018இல் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வீடியோ ஒன்றில் மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். சிறுவனைத் திரும்ப இறக்கிவிடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரில் இருந்த முதிய பெண் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்ததில் அவர் இறந்தார். பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து நாடோடிகள் கொல்லப்பட்டபின், ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் சேர்த்து அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு வைத்தது. 2024 தொடக்கத்தில் அதே வதந்தி மீண்டும் தலைதூக்கியது. தமிழகக் காவல்துறை மறுப்புக்குமேல் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. வழிகேட்பவர், மிட்டாய் கொடுப்பவர், வேற்று மொழி பேசுபவர் என்று குடுகுடுப்பைக்காரர் காலத்துப் பட்டியலே கொஞ்சம் திருத்தத்தோடு திரும்பி வந்திருந்தது.

இந்த வழிகள் அத்தனையும் ஒரே இடத்தில் வந்து கூடியது 2019 அக்டோபரில். மதுரைக்கு வடக்கே, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்தபோது ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். கைவிடப்பட்டு மண் போட்டு மூடிய குழி. மழையில் மண் உள்வாங்கியிருந்தது. குழந்தை எங்கே என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எத்தனை அடியில் என்பதே கேள்வி. முதலில் 26 அடியில் இருந்தவன் பின்னர் 88 அடி வரை இறங்கிவிட்டான். முதலில் வந்து சேர்ந்தவர்களில் மதுரை மணிகண்டனும் ஒருவர். தாமே வடிவமைத்த கருவியால் 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே மூன்று வயதுக் குழந்தையை உயிரோடு மேலே கொண்டுவந்தவர் அவர். இம்முறை கயிற்றுச் சுருக்கு ஒரு கையில் விழுந்தது, மறு கையில் நிற்கவில்லை. பிறகு ஓஎன்ஜிசி இயந்திரமும் அதைவிட வலுவான இன்னொன்றும் வந்து பக்கத்தில் குழி தோண்டின, பாறை விடவில்லை.

இந்தியாவில் இப்படி ஒரு மீட்பை இடைவிடாமல் காட்டும் வழக்கம் 2006 ஜூலையில் ஹரியாணாவின் குருக்ஷேத்திரம் அருகே தொடங்கியது எனலாம். அங்கே சிறுவன் சுமார் ஐம்பது மணி நேரத்துக்குப் பின் உயிரோடு வந்தான். நல்ல முடிவு கிடைத்ததால் அது ஒரு மாதிரியாகவும் ஆகிவிட்டது. தமிழில் 2011க்குப் பின் செய்திக்கென்றே அலைவரிசைகள் பெருகியிருந்தன. நடுக்காட்டுப்பட்டி வயலில் நேரலை வண்டிகள் வரிசை கட்டின. குழிக்குள் இறக்கிய கேமராவில் தெரிந்த குழந்தையின் கை திரையில் திரும்பத் திரும்ப வந்தது. மீட்புக்குத் துணிப்பை வேண்டும் என்றார்கள்; தாயே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். அதுவும் படமானது. ஞாயிறன்று தீபாவளி. வீடுகளில் பட்டாசை ஒத்திவைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். பிரதமர் முதல் பக்கத்து ஊர்க்காரர் வரை பிரார்த்தனைச் செய்தி வெளியிட்டார்கள். அதே நாட்களில் தூத்துக்குடியில் ஒரு பெற்றோர் இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய இரண்டு வயது மகள் தண்ணீரில் மூழ்கி இறந்தாள்.

29ஆம் தேதி செவ்வாய் அதிகாலை, சிறுவன் இறந்துவிட்டதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். அதோடு பேச்சு முடியவில்லை. உடலை ஏன் காட்டவில்லை, உள்ளே உண்மையில் யார் இருந்தது என்று ஒரு கூட்டம் கேட்டது. மீட்புக்குப் பதினோரு கோடி செலவானது என்று ஒரு கணக்கு சுற்றியது, அரசு மறுத்தது. குழியைத் திறந்து போட்டதே பெற்றோர்தான் என்று, இழவு வீட்டின் அழுகை ஓய்வதற்குள் சமூக ஊடகம் குற்றப்பத்திரிகை வாசித்தது. இழந்தவரையே குற்றவாளியாக்குவது இந்த வட்டாரத்தின் தனிச்சொத்து அல்ல. ஆஸ்திரேலியாவில் 1980இல் உலூரு அருகே கூடாரத்திலிருந்து ஒரு கைக்குழந்தை காணாமல் போனது. டிங்கோ நாய் தூக்கிப் போனதென்று சொன்ன தாய் போதுமான அளவு அழவில்லை என்று பத்திரிகைகளும் மக்களும் முடிவு கட்டினார்கள். 1982இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1988இல் அது ரத்தானது. நாய்தான் தூக்கிப்போனது என்று மரண விசாரணை அதிகாரி எழுதியது 2012இல்.

காணாமல்போகும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் தாமதமாகவே வந்தது. காணாமல்போன பிள்ளை நெடுங்காலம் காவல் நிலையத்தில் ஒரு மிஸ்ஸிங் கேஸ் மட்டும்தான். சொந்தக்காரர் வீட்டில் தேடிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது வழக்கம். 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை காணவில்லை என்ற ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன்பே, 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்ததால் ஆட்கொணர்வு மனுவுக்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய நிலை தென்மாவட்டத்தாருக்குத் தீர்ந்தது. தேடல் உடனே தொடங்கும் இடத்தில் வதந்திக்கு வேலையில்லை என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பெருங்கூட்டத்தில் பிள்ளைகள் கைவிட்டுப் போவது ஆண்டுதோறும் நடக்கிறது. சட்டை நிறமும் ஊர்ப் பெயரும் ஒலிபெருக்கியில் வரும். காவல் பந்தலில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை வந்து வாங்கிப் போவார்கள். அன்றைக்குப் பிள்ளைபிடிகாரனை யாரும் நினைப்பதில்லை.

ஊடகத்தைக் கட்டுப்படுத்த இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காணாமல்போன குழந்தையும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. தேடுவதற்குப் படம் வேண்டும். ஆகவே குழந்தையின் நலனுக்குத் தேவை என்று குழந்தைகள் நலக் குழு எழுத்தில் காரணம் காட்டினால் வெளியிட அனுமதிக்கலாம். நடைமுறையில் அனுமதி கேட்பதற்கு முன்பே படம் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஏறிவிடுகிறது, உறவினர் கையாலேயே. பிள்ளை கிடைத்த செய்தி அந்தப் படம் போன இடமெல்லாம் போவதில்லை. வீடு திரும்பிய பிள்ளையைக் காணவில்லை என்கிற தகவல், அதே படத்தோடும் தகப்பனின் கைப்பேசி எண்ணோடும், பல மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் குழுக்களில் புதுச் செய்தியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.