வாக்கிழந்தோர் வரலாறு

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக விளங்கின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய முதன்மையான மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. மழை பொய்த்த மண்ணை விட்டுக் கண்டிச்சீமை ஏறிய மக்கள், குடிபுகுந்த நாட்டின் அரசியல் மாற்றத்தை எவ்வாறு கண்டனர் என்பது எண்ணத்தக்கது.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமை அவர்களுள் ஒரு பகுதியினரையே எட்டியது. எனினும் அதனை அவர்கள் நம்பினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வென்றவர்களுள் ஒருவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டில் நாடு விடுதலை பெற்றது; அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. ஆனால் இலங்கைக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை அந்த ஒதுக்கீட்டினும் மிக்கிருந்தது. உழைத்த மண்ணையே அவர்கள் தம் நாடெனக் கொண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நாடற்றோராய் எஞ்சியவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வேலுப்பிள்ளை அம்மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தேர்தல் வாக்கை இழந்தோரின் வாய்வாக்கு அவ்வாறு நிலைபெற்றது. அவர்கள் புறப்பட்ட ஊர்களிலும் கண்டிச்சீமை பற்றிய பாட்டும் நினைவும் முதியோரோடு மறையுமுன் தொகுக்கப்படல் வேண்டும். அது இம்மண்ணின் கவிஞர்க்குரிய கடன்.