காண்ட்ராவும் தீப்பெட்டிக் காசும்

1992. சிவகாசியில எங்க தெருவுல டிவி கேம் வாடகை, மணிக்கு அஞ்சு ரூபாய். என் பங்கு அப்பா குடுத்தது. அவன் பங்கு, அம்மாகூட உக்காந்து தீப்பெட்டி ஒட்டினது.

ஜோடியா ஆட காண்ட்ராதான். 1987ல கொனாமி விட்ட ஆட்டம். மூணே உயிர். மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ... முப்பது உயிர்! 1986ல கிராடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கக் கஷ்டமா இருக்குன்னு கசுஹிசா ஹஷிமோட்டோ (2020ல காலமானார்) வச்ச குறுக்குவழி இது.

அதே 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்துச்சு. தீப்பெட்டி வேலைக்குத் தடை. ஆனா குடும்பத்தோட வீட்ல செஞ்சா கேள்வியில்ல. எம்.சி.மேத்தா போட்ட சிவகாசி வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: வேலைக்கு வச்ச முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும்.

பேப்பரை அவன்கிட்ட காட்டினேன். சட்டத்துக்குக் குழந்தைன்னா பதினாலுக்குள்ள. அவனுக்கு அப்போ பதினாறு.