அம்மாவின் கண் மருந்தும் இமை மயிரும்

அம்மா கண் அமுக்க நோய்க்கு, அதாவது குளுக்கோமாவுக்கு, இரவில் ஒரு துளி பிமற்றோப்ரொஸ்ற் விடுகிறார். சில மாதங்களில் அவரது இமை மயிர் நீண்டு கறுத்துவிட்டது. "இந்த வயசில எனக்கேன் இது" என்று சிரித்தார். கலியாணம் நிச்சயமாகியிருந்த என் பெறாமகள் சிரிக்கவில்லை. போத்தலைத் தரச்சொல்லிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

மயிர் வளர்வது உண்மைதான். 2001இல் லுமிகன் என்ற பெயரில் குளுக்கோமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. 2008 டிசெம்பரில் அதே 0.03 சதவீதக் கரைசல் லற்றிஸ் என்ற பெயரில் இமை மயிருக்கென்றே அனுமதி பெற்றது. அதற்கான பரிசோதனையில் 16 கிழமைகளின் பின் மருந்து பாவித்தவர்களில் 78 சதவீதத்தினருக்கு மாற்றம் தெரிந்தது. மருந்தில்லாத கரைசலைப் பூசியவர்களில் 18 சதவீதத்தினருக்கே தெரிந்தது. மயிர் வளரும் பருவத்தை இது நீடிக்கச் செய்கிறது. நிறுத்தினால் சில கிழமைகளிலோ மாதங்களிலோ பழைய நிலைதான்.

இமைக்கென்றால் அதைக் கண்ணுக்குள் விடுவதில்லை. இரவில் முகம் கழுவி, கொன்ரக்ற் லென்ஸைக் கழற்றிவிட்டு, கிருமி நீக்கிய சிறு தூரிகையில் ஒரு துளி எடுத்து மேல் இமையின் மயிர் முளைக்கும் விளிம்பில் மட்டும் பூசவேண்டும். கீழ் இமையில் பூசக்கூடாது. மற்றக் கண்ணுக்குப் புதுத் தூரிகை. வழிந்ததை உடனே ஒற்றி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பட்ட இடத்திலும் மயிர் முளைக்கலாம். லென்ஸைத் திரும்பப் போட 15 நிமிடம் பொறுக்கவேண்டும். கூடப் பூசினால் கூட வளராது.

கடியும் சிவப்பும் சிலருக்கு வரும். இமைத்தோல் கறுத்தால், நிறுத்தியபின் பெரும்பாலும் மாறிவிடும். கருவிழியைச் சுற்றிய நிறம் கபிலமானால் மாறாமலே இருக்கக்கூடும். கண்ணைச் சுற்றிய கொழுப்புக் குறைந்து கண் உள்வாங்கியதுபோலத் தெரிவதும் உண்டு. அழகுக்காகப் பூசுபவருக்கு இது எதற்கு என்பது என் எண்ணம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கண்ணில் அழற்சியோ தொற்றோ உள்ளவர்கள், ஏற்கெனவே கண் அமுக்கத்துக்கு மருந்து விடுபவர்கள் கண் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது. செல்லடியில் ஒரு கண்ணை இழந்து மற்றக் கண்ணோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். அந்த ஒரு கண்ணில் அழகுக்காக எதையும் பரீட்சிக்க வேண்டாம் என்றே சொல்வேன். எரிகாயத்தில் இமை மயிரின் வேரே அழிந்து தழும்பாகிய இடத்தில் இந்த மருந்து மயிரை முளைப்பிக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போத்தலை நம்பி அவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பதே வழி.

அம்மாவின் போத்தலை ஏன் கொடுக்கவில்லை? போத்தல் நுனி இமையிலோ விரலிலோ பட்டால் கிருமி ஏறும். அது கருவிழியில் புண்ணாக்கிப் பார்வையைக் கெடுக்கலாம். அதைவிட, போத்தல் முன்னதாகவே தீர்ந்தால் அடுத்த கிளினிக்வரை அம்மாவுக்கு மருந்து இல்லை. குளுக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது.

பெறாமகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கடைக்குப் போய் ஒரு மஸ்காரா வாங்கிவந்தாள்.