யுவ புரஸ்கார்: ஆங்கிலப் பிரிவு

ஆங்கிலத்தில் எழுதும் இந்திய இளம் எழுத்தாளர்களுக்குச் சாகித்திய அகாதமி தரும் விருது. 2011இல் தொடங்கியது. விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. செப்புப் பட்டயமும் 50,000 ரூபாயும் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு உட்பட அகாதமி ஏற்ற 24 மொழிகளுக்கும் இதே விதிதான்.

இளைஞர்களுக்கெனத் தனி விருது எதற்கு? அகாதமி 1954இல் நிறுவப்பட்டது. அதன் முதன்மை விருது ஆங்கிலத்துக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1960இல், ஆர். கே. நாராயணின் 'தி கைடு' நாவலுக்கு. அவருடைய முதல் நாவல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்ததோ 1935இல். அப்போது அவருக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. எழுதத் தொடங்கியவர் கால் நூற்றாண்டு காத்திருந்திருக்கிறார்.

ஆங்கிலத்துக்கான முதல் யுவ புரஸ்காரைப் பெற்றவர் பெங்களூரைச் சேர்ந்த விக்ரம் சம்பத். நூல், இசைத்தட்டு யுகத்தின் முதல் பெரும் பாடகியரில் ஒருவரான கௌஹர் ஜானின் வரலாறு. 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய அந்த அம்மையார் 1930இல் மைசூரில் மறைந்தார்.

அடுத்து வந்தவர்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ஆங்கிலம் என்றதும் மாநகரம் நினைவுக்கு வரும், விருதோ பலமுறை சிறு நகரங்களையும் மலைநாடுகளையும் தேடிப் போயிருக்கிறது. ஜானிஸ் பரியத் (2013) மேகாலயக் கதைகளைச் சொன்னார். மருத்துவரான ஹன்ஸ்டா சௌவேந்திர சேகர் (2015) தம் சந்தால் மக்களின் வாழ்க்கையை நாவலாக்கினார். தனுஜ் சோலங்கியின் (2019) களம் முசாஃபர்நகர், மிஹிர் வத்ஸாவின் (2022) களம் ஹசாரிபாக். கே. வைஷாலி (2024) எழுதியதோ ஊரை அல்ல, தன் சொந்த வாழ்க்கையை.

2023இல் விருது பெற்ற அனிருத் கனிசெட்டியின் 'லார்ட்ஸ் ஆஃப் தி டெக்கான்' சாளுக்கியர் முதல் சோழர் வரையான தக்காண வரலாறு. ஓசூர்–இராயக்கோட்டை சாலையிலுள்ள உத்தனப்பள்ளிப் பக்கத்து வாசகருக்கு இது தொலைவான கதையன்று. அவர் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நுளம்பர், கங்கர், சோழர் காலத்து நடுகற்கள் இன்றும் வயலோரங்களில் நிற்கின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், சிப்காட் தொழிற்பேட்டையில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் அவற்றைக் கடந்துதான் பேருந்துக்குப் போகிறார்கள்.