மலக்குழியில் உயிர்தப்பியவரின் இழப்பீட்டு உரிமை

மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்பதை இன்று பலர் அறிவர். நச்சுவாயு தாக்கி உயிர்தப்பி, நுரையீரலோ நரம்போ பாதிக்கப்பட்டு, வேலைக்குச் செல்ல இயலாமல் முடங்கிய தொழிலாளருக்கும் அது உண்டு என்பதை அறிந்தோர் குறைவு.

1993 முதல் நிகழ்ந்த மலக்குழி மரணங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. வாழ்வாதாரத்தை இழக்கச் செய்யும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும், பிற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமலும் வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

ஆனால் ஊனத்தை மெய்ப்பிப்பவை ஆவணங்களே. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "தவறி விழுந்தார்" என்று மட்டும் எழுதப்பட்டால் வழக்கு அங்கேயே வலுவிழக்கும். மலக்குழியில் இறங்கியதும், இறங்கச் சொன்னவர் யார் என்பதும் முதல் நாளே பதிவாக வேண்டும். முதல் தகவல் அறிக்கை, சிகிச்சைச் சுருக்கம், ஊனச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைத் திரட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி மலக்குழியைச் சுத்தம் செய்ய ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்துவதைத் தடைசெய்கிறது. எனவே ஒப்பந்ததாரரைக் காட்டி உள்ளாட்சி அமைப்பு பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு கேட்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளுக்குப் புறம்பானது. அவ்வாறு கேட்பவரிடம் வழக்கை ஒப்படைக்க வேண்டாம்.

பெரும்பாலான உரிமைகள் நீதிமன்றத்தை எட்டுமுன்பே, மருத்துவமனை வாசலில் சில ஆயிரங்களுக்குக் கைமாறுகின்றன. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையொப்பம் வாங்கப்படுகிறது. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது என்பது, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு வரும் கொள்கை. ஆகவே கையொப்பமிட்டவரும் வழக்கறிஞரை அணுகலாம். இன்னும் இடாதவர், வழக்கறிஞர் வரும்வரை எதிலும் கையொப்பமிடாதிருப்பதே நன்று. களத்துக்கு முதலில் செல்லும் தோழர்கள் அவரிடம் சொல்ல வேண்டிய முதற்செய்தியும் இதுவே.